சேலத்தில் பழைய பிலிம் கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

8,500 ரூபாயை வாங்கிக்கொண்டு என் அப்பாவின் கேமராவைப் பாழாக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரவு பிலிமைக் கழுவிப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அடுத்தவர் ஒருவர் அதே மாடிப்படி ஏறிவிடக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

கேமரா யாஷிகா மேட் 124ஜி. 1970இல் வந்த மாடல். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ்; இடுப்புயரத்தில் பிடித்து, குனிந்து பார்த்துப் படம் எடுப்பது. ஏற்காட்டில் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதிய அப்பா, காப்பிப் பழம் பறிக்கும் பெண்களையும், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டத்தையும், எங்களையும் அதில்தான் எடுத்தார். அவர் போன பிறகு பீரோவிலேயே இருந்தது. இந்த மலையின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிப்பது புதிதல்ல; கீழ் லென்ஸின் உள்ளே நூல் நூலாகப் படர்ந்திருந்தது. அரை நொடி, ஒரு நொடி வேகங்களில் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். பழைய எண்ணெய் பிசினாக இறுகினால் அப்படித்தான் ஆகும். இரண்டுமே சரிசெய்யக்கூடிய கோளாறுகள். அதனால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

கடையின் பெயரை எழுதவில்லை. சேலம் டவுனில் மாடியில் இருக்கும் கேமரா பழுதுபார்க்கும் கடை, அவ்வளவுதான். அங்கிருந்த பெரியவர் கேமராவை வாங்கிய விதம் இருக்கிறதே! மேசையில் துணி விரித்தார். வேகத்தை ஒரு நொடிக்கு வைத்து, காதருகே கொண்டுபோய் ஷட்டரை அழுத்தினார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஸ்லோ ஸ்பீடு பல்சக்கரம் பிடிக்கிறது அம்மா" என்றார். சரியாகத்தான் சொன்னார். "அப்பா பொருளா? நீயும் என் மகள் மாதிரிதான். கவலைப்படாமல் போ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பணம் 5,000, வேலை முடிந்ததும் 3,500. பில் கேட்டதற்கு, 'கேமரா சர்வீஸ்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைத்தது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார். சென்னையிலிருந்து சாமான் வர வேண்டும். பிசினைக் கழுவி எடுக்க என்ன சாமான்? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடியட்டும். என் எண்ணைப் பார்த்தால் போனை எடுக்கமாட்டார். அம்மாவின் போனிலிருந்து அழைத்தால் உடனே எடுப்பார். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போய் நின்றால், "ஐயா சாப்பிடப் போயிருக்கிறார்" என்பான் கடைப் பையன். தட்டிக்குப் பின்னால் அவர் இருமுவது எனக்குக் கேட்கும்.

கடைசியில் ஒருவழியாகக் கொடுத்தார்கள். ஷட்டர் ஓடியது, கண்ணாடி பளபளத்தது, மீதி 3,500ஐயும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டு ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லென்ஸின் மேல் ஊதாவாக மின்னும் பூச்சு நடுவில் இல்லை. வெறும் கண்ணாடி. ஓரத்தில் மட்டும் மோதிரம் போலக் கொஞ்சம் ஊதா மிச்சமிருக்கிறது. டார்ச் அடித்தால் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். உள்ளே இருந்த பூஞ்சைக்கு, வெளிக் கண்ணாடியையும் சேர்த்து எதையோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை பிலிமில் தெரிந்தது. இந்த வகைக் கேமராவில் நாம் பார்ப்பது மேல் லென்ஸில், படம் பிடிப்பது கீழ் லென்ஸ். கழற்றி மாட்டிய பிறகு இரண்டின் போகஸும் ஒன்றாக விழுகிறதா என்று, பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் சொரசொரப்பான கண்ணாடியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பார்க்கவே இல்லை. அம்மாவை வாசலில் உட்காரவைத்துக் கண்ணிமைக்குப் போகஸ் வைத்தேன். பிலிமில் அம்மா மங்கல். பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி இலை இலையாகத் தெளிவு. பன்னிரண்டு படமும் அப்படியே.

போன் செய்தேன். "பழைய கேமரா என்றால் அப்படித்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். படங்களை அனுப்புகிறேன் என்றதும், "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டார். மகள் மாதிரி என்று சொன்ன அதே வாய்! 8,500 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை அல்ல. அதையாவது மறுபடி சேர்த்துவிடலாம். அந்தப் பூச்சைத் திரும்பப் போட்டுத் தர யாரைத் தேடுவேன்?

விரிவாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. கொடுக்கும் முன் டார்ச் வெளிச்சத்தில் லென்ஸைப் படம் எடுங்கள், கடைக்காரர் கண்ணெதிரிலேயே. என்ன வேலை என்று எழுதிய பில் இல்லாமல் காசு தராதீர்கள். இரட்டை லென்ஸ் கேமரா என்றால் போகஸை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கேமராவோடு திரும்பிவிடுங்கள். ஒரு ரோல் கழுவிப் பார்க்கும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. நான் செல்போன் வழியாகத்தான் பணம் அனுப்பினேன், 8,500க்கும் பதிவு இருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன். அதே மாடியில் ஏமாந்தவர்கள் இருந்தால் உங்கள் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.