இரண்டாயிரமா, நூறு நாள் வேலையா?

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, தேவிபட்டினம் பக்கம் நெல் என்றால் பெரும்பாலும் வானம் பார்த்த புழுதி விதைப்புதான். இங்கே ஒன்றிரண்டு ஏக்கர்க்காரருக்கு எந்த உதவி விளைச்சலைக் கூட்டும்?

மத்திய அரசு விவசாயிக்கு நேராகக் கொடுக்கும் பி.எம். கிசான் பணம் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஆகஸ்ட்–நவம்பர் தவணை விதைப்பை ஒட்டி வந்தால் நல்லதுதான். வட்டிக்கு வாங்காமல் டிராக்டர்காரருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் 2,000 ரூபாய் உழவோடு சரி. அப்புறம் விதை, உரம், களையெடுப்பு? பட்டா தன் பெயரில் இல்லாத குத்தகைக்காரருக்கு அதுவும் கிடையாது.

2005 சட்டத்தில் வந்த நூறு நாள் வேலைக்குப் பட்டா தேவையில்லை. கூலி வீட்டுக்கு, மண் வேலை கண்மாய்க்கு. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து, சீமைக் கருவேலம் அடைத்துக் கிடந்தால் ஐப்பசி மழை கண்மாய்க்கு வராமலே கடலுக்குப் போய்விடும். அதைச் சீராக்கினால் தை மாதம் கதிர் பால் பிடிக்கும்போது மடை திறக்க ஒரு தண்ணீராவது இருக்கும். அந்த ஒரு தண்ணீர்தான் நெல்லா, பதரா என்று முடிவு செய்யும்.

எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவதால் களையெடுப்பு நேரத்தில் ஆள் கிடைப்பதில்லை என்ற புகாரும் பொய்யில்லை. முண்டு மிளகாய் பறிப்பிலும் அதே தொல்லை. கரையை மேலாகச் சுரண்டிவிட்டு நாள் கணக்கை முடிக்கிற வேலையும் நடக்கும். அதனால் யாருக்கும் பயனில்லை.

இருந்தாலும் என் ஓட்டு கண்மாய் வேலைக்கே. பங்குனி, சித்திரையில், வயல் சும்மா கிடக்கும்போது வைத்தால்.