இடுப்பு நெடுக்குவெட்டு மாடல் (ஆண், பெண் செட்): டியூஷனுக்கு வாங்கினேன், மூன்றரை ஸ்டார்

வீட்டில் எட்டாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எட்டாவது அறிவியலில் வளரிளம் பருவமடைதல் பாடம் வந்தால் பள்ளியில் "வீட்டுல படிச்சுக்கோங்க", வீட்டில் "மிஸ்கிட்ட கேளு", கடைசியில் அது என் ஹாலுக்குத்தான் வந்து சேரும். ஒவ்வொரு வருஷமும் போர்டில் படம் போட்டே ஓட்டினேன். இந்த வருஷம் துணிந்து ஆன்லைனில் இந்த செட்டை வாங்கிவிட்டேன், இரண்டும் சேர்த்து 3,400 ரூபாய். இடுப்பை நடுவில் நெடுக்காக வெட்டிய மாதிரி பிளாஸ்டிக் மாடல், நிஜ அளவு, சில உறுப்புகளைக் கழற்றி மாட்டலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகப் படத்தில் கருப்பை என்பது கொம்பு வைத்த ஆட்டுத் தலை மாதிரி நேராக நிற்கும், அது உடம்பில் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. மாடலில் பார்த்தால் ஏழெட்டு சென்டிமீட்டர்தான், ஒரு சின்ன பேரிக்காய், சிறுநீர்ப்பை மேல் முன்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. "அதான் அக்கா மாசமா இருந்தப்ப அடிக்கடி பாத்ரூம் போனாளா?" என்று ஒரு பெண் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். அதைவிடப் பெரிய விஷயம், சிறுநீர் வரும் வழியும் மாதவிடாய் வரும் வழியும் வேறு வேறு என்பது. ஐந்து பெண்களில் நாலு பேர் ஒரே துவாரம் என்றுதான் நினைத்திருந்தார்கள், அவர்களில் ஒருத்தி வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. நூல் வைத்து அளந்தோம். பெண்ணின் சிறுநீர்க்குழாய் 4 சென்டிமீட்டர், ஆணுக்கு 20 பக்கம் வந்தது. வழி இவ்வளவு குட்டையாக இருப்பதால்தான் கிருமி சீக்கிரம் உள்ளே ஏறி பெண்களுக்கு நீர்க்கடுப்பு அதிகம் வருகிறது என்று சொன்னபோது, ஸ்கூல் பாத்ரூமுக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆண் மாடலில் விந்தகம் ஒன்றுதான் இருக்கும். பாதியாக வெட்டியது என்று சொன்னால்தான் புரியும், பையன்கள் பதறிவிட்டார்கள். அதன் பின்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடைமிஸ், அதாவது விந்தணு தங்கி முதிரும் சுருள் குழாய், வெறும் கோடு மாதிரிதான் தெரியும், ஆனால் அதைப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட 6 மீட்டர் இருக்கும். அதைப் புரியவைக்க பூக்காரம்மா கணக்கில் 13 முழம் நூலை எடுத்துச் சுருட்டி அந்த இடத்தில் வைத்தேன், அன்று முழுக்க அந்த நூல்தான் பேச்சு. விதைப்பை ஏன் வெளியே தொங்குகிறது என்ற கேள்விக்கு மாடலே பதில் மாதிரி இருந்தது, உடம்புச் சூட்டைவிட 2, 3 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும்.

சரி, குறைக்கு வருவோம். எண் ஸ்டிக்கர்களை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். விந்தணுவைக் கொண்டுபோகும் விந்துநாளத்தின் எண், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் சிறுநீர்நாளத்தில், அதன் எண் இதில். சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இந்த இரண்டும் ஒன்றின் குறுக்கே ஒன்று போகும், பாடம் எடுக்கிற எனக்கே அங்கேதான் குழப்பம் வரும், அங்கேயே தப்பு. விற்றவருக்கு மெசேஜ் போட்டேன், "ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள் மேடம்" என்று பதில் வந்தது. கருக்குழாயின் விரல் போன்ற நுனியைச் சினைப்பையோடு பசை போட்டு ஒட்டிய மாதிரி செய்திருக்கிறார்கள். நிஜத்தில் குழாயின் வாய் சினைப்பையில் நிரந்தரமாக ஒட்டியிருக்காது, வெளியே வரும் கருமுட்டையை அந்த விரல்கள்தான் வாரி எடுக்கும். பெண்ணுறுப்பின் உணர்ச்சி மிகுந்த பகுதியான கிளிட்டோரிஸுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். அதன் பெரும்பகுதி உள்ளே இருக்கிறது என்று ஆஸ்திரேலிய டாக்டர் ஹெலன் ஓ'கானல் 1998லேயே எழுதியாகிவிட்டது, மாடல் செய்பவர்களுக்கு இன்னும் சேதி போகவில்லை போல.

"பருவமடைதல் கற்பிக்க" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, அது மட்டும் பொய். இது முழுக்க வளர்ந்தவர்களின் உடம்பு. பருவம் தொடங்குவது இடுப்பில் இல்லை, மூளையில், ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் சேர்ந்து கொடுக்கிற உத்தரவில். அதற்கு ஒரு படம்கூட இல்லை. நம் ஊரில் வயசுக்கு வந்த அன்றுதான் எல்லாம் ஆரம்பம் என்று நினைத்துப் பந்தல் போடுகிறோம், ஆனால் பெண்ணுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கி, பெரும்பாலும் அதற்கு இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும். பையன்களுக்கு 9லிருந்து 14க்குள், முதலில் விந்தகம் பெரிதாகும், மீசையும் குரலும் அப்புறம்தான். இதையெல்லாம் நான் போர்டில்தான் எழுத வேண்டியிருந்தது.

மாமியார் முதல் வாரம் மாடல் மேல் துண்டு போட்டு மூடி வைத்தார். பிள்ளைகள் போன பிறகு ஒரு நாள் அவரே துண்டை எடுத்தார். "எனக்கு எதம்மா எடுத்தாங்க?" அவருக்குக் கருப்பை எடுத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. மாடலில் இருந்து கருப்பையைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். "இத்தனூண்டா" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்களா என்று கேட்டார். பழைய ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தோம், எடுக்கவில்லை.

வாங்குபவர்கள் ஸ்டாண்ட் இருக்கும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள், இது மேஜையில் உருள்கிறது. கழற்றும் துண்டுகளில் காந்தம் கொஞ்சம் வீக், கருப்பை ஏற்கெனவே இரண்டு முறை சோஃபாவுக்கு அடியில் போய்விட்டது.