412 கிலோ "அழிக்கப்பட்டது": பழைய கணினி கழிக்கும் அரச அலுவலகங்களின் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு அரச அலுவலகத்தில் ஐ.ரி. வேலை பார்க்கிறீர்களா? களஞ்சியப் பொறுப்பில் இருக்கிறீர்களா? இல்லை, வருட முடிவுப் பொருட்கணக்கெடுப்புச் சபையில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்களா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். "பழைய கணினிகளை நாங்களே வந்து எடுக்கிறோம், உள்ளே இருக்கிற டேற்றாவையும் அழித்துச் சான்றிதழ் தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் குடாநாட்டில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. எங்கள் அலுவலகம் அவர்களிடம் நன்றாக ஏமாந்தது. பெயர் எழுதப் போவதில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது அதன் வழியில் நடக்கட்டும். எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் ஆளை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

கழிக்க இருந்தவை ஒரு அறை நிறைய. சிபியு ஐம்பதுக்கு மேல், சில மடிக்கணினிகள், போட்டோக்கொப்பி மெசின் இரண்டு, வரவு பதிகிற கைரேகை மெசின் ஒன்று. பெரும்பாலானவை மீள்குடியேற்றக் காலத்தில் திட்டங்களுக்கென்று வந்தவை. நிதிப் பிரமாணம் 756இன்படி வருடாந்தக் கணக்கெடுப்பு நடந்து, பாவனைக்கு உதவாது என்று சபை எழுதி, கழிப்பதற்கு அனுமதியும் வந்துவிட்டது. அதுவரை எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்தப் படிவத்தில் உடைந்த கதிரையும் மேசைவிசிறியும் கணினியும் ஒரே வரிசையில்தான் வரும். உடைந்த கதிரைக்குள் ஊர்ச்சனத்தின் அடையாள அட்டை இலக்கம் இருக்காது என்பதை அந்தப் படிவத்தை வடிவமைத்தவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. கணினி வருவதற்கு முந்திய காலத்துச் சிந்தனை அது.

வந்தவர்கள் இரண்டு பேர். மடிப்புக் குலையாத உடுப்பு, தடித்த ஃபைல். "ஐயா, நீங்கள் ஒரு சதமும் தரத் தேவையில்லை. நாங்கள்தான் கிலோவுக்குக் காசு தருவம்." கணக்காளருக்கு இது தேனாக இருந்தது. ஃபைலுக்குள் வணிகப் பதிவு, மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் ஒன்றின் பிரதி, ஏதோ ஒரு ஐ.எஸ்.ஓ. முத்திரை. நான் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் போட்டு எனக்குப் பட்டியல் தருவீர்களா? "அதெல்லாம் சேர்ட்டிபிக்கற்றில வரும் அண்ணை, யோசியாதேங்கோ" என்றார்கள். டிஸ்க்குகளை நாங்களே கழற்றிவிட்டுக் கொடுப்போமே என்றும் எழுதிக் கொடுத்தேன். பொருட்பதிவேட்டில் முழுக் கணினியாக இருக்கிறதை அரைகுறையாகக் கொடுத்தால் கணக்காய்வில் கேள்வி வரும் என்று அது திரும்பி வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிற நேரமாகப் பார்த்து, பட்டா லொறி ஒன்று வந்து நின்றது. அதில் எழுதியிருந்த பெயர் வேறு, உரிமப் பிரதியில் இருந்த பெயர் வேறு. வந்த பெடியள் தராசு கொண்டுவந்தார்கள். கொப்பியும் பேனையும் கொண்டுவரவில்லை. நிறுத்தார்கள், ஏற்றினார்கள், மொத்த நிறைக்கு ஒரு துண்டு எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பிறகு சான்றிதழ் வந்தது. தங்கக் கரை போட்ட தடித்த மட்டை. "412 கிலோ இலத்திரனியல் கழிவு சர்வதேசத் தரத்துக்கு அமையப் பாதுகாப்பாக அழிக்கப்பட்டது." எத்தனை டிஸ்க்? என்ன முறையில்? யார் செய்தது, எங்கே, எந்தத் திகதியில், சரிபார்த்தது யார்? ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஃபைலில் கோத்து வைக்க ஒரு தாள் இருக்கிறதே. விஷயம் முடிந்தது என்று மூடிவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஸ்ரான்லி வீதிப் பக்கம் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிற, எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர் கூப்பிட்டார். சிசிரிவி பெட்டிகளுக்குப் போடுவதற்கென்று பாவித்த 500 ஜிபி டிஸ்க்குகளை மொத்தமாக வாங்கியிருக்கிறார். "அண்ணை, இதுக்குள்ள உங்கட கந்தோர்ப் பெயரில ஃபோல்டர் கிடக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ. நான் ஒண்டையும் திறக்கேல்லை."

போய்ப் பார்த்தேன். சி ட்ரைவ் ஃபோர்மட் செய்து புது விண்டோஸ் போட்டிருந்தார்கள். டி ட்ரைவில் கையே வைக்கவில்லை. அது அப்படியே, நாங்கள் கடைசியாகச் சேமித்த திகதிகளோடு இருந்தது. சி ட்ரைவிலும் குவிக் ஃபோர்மட்தான். அது வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வீட்டையே இடித்துவிட்டோம் என்று சொல்வது போல. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்ற அட்டவணை மட்டும் போகும், மேலே வேறொன்று எழுதப்படும்வரை உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும். இலவசமாகக் கிடைக்கிற மீட்பு மென்பொருள் ஒன்றை ஓடவிட்டோம். பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் பழைய ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "பழைய கடிதங்கள்தானே" என்று கேட்கிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். கிராம அலுவலர் பிரிவு வாரியாக வீட்டுத்திட்டப் பயனாளிகள். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் எக்செல் அட்டவணை. வங்கிக் கணக்கு இலக்கங்கள், ஸ்கான் செய்த அடையாள அட்டைகள், காணாமற்போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் எழுதிக் கொடுத்த கடிதங்கள். கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. யூனிகோட் மட்டும் உள்ள கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். அதைப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள், யாழ்ப்பாணத்தில் பாமினி இல்லாத கடை எங்கே இருக்கிறது.

அந்த எக்செல் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள், பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே இலக்கத்தைப் பார்த்தாலே பெண், இத்தனை வயது என்று தெரிந்துவிடும். பக்கத்து நிரலில் முகவரி. அதற்கடுத்த நிரலில் "கணவர்: காணாமற்போனவர்". தனியாக இருக்கிற பெண்ணின் வீட்டைத் தேடுகிறவனுக்கு இதைவிட வேறு பட்டியல் தேவையில்லை.

டிஸ்க்கின் மேலிருந்த தொடர் இலக்கம், முன்பு பராமரிப்புக்காக நான் எடுத்து வைத்திருந்த பட்டியலில் இருந்தது. எங்களுடையதுதான். நிறுவனத்துக்கு எடுத்தபோது முதலில் கிடைத்த பதில், "நாங்கள் ஃபோர்மட் அடிச்சுத்தானே குடுத்தது." பிறகு, வேறொருவரிடம் துணைக் கொந்தராத்துக் கொடுத்ததாகவும் அவர்தான் பிழை விட்டதாகவும் கதை மாறியது. கடைசியில், "அது உங்கட டிஸ்க் எண்டதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். பட்டியலை அனுப்பினேன். அதற்குப் பிறகு தொலைபேசி எடுப்பதில்லை.

உரிமம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்தத் தாளைக் காட்டித்தான் எல்லோரையும் வாய் மூடப் பண்ணுகிறார்கள். 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க அதிவிசேட வர்த்தமானியின்படி, இலத்திரனியல் கழிவு உட்பட, அபாயமானவை என்று அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவைச் சேகரிப்பது, கொண்டுபோவது, களஞ்சியப்படுத்துவது, மீள்சுழற்சி செய்வது, அகற்றுவது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். சேகரிக்க உரிமம் உள்ளவரிடம் அழிக்க உரிமம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. யாருடைய பெயரில், எந்த வேலைக்கு, எந்தத் திகதிவரை என்று அதிகாரசபையிடமே நேரே கேட்டுவிடுங்கள். அதைவிட முக்கியம், அந்த உரிமம் ஈயமும் பாதரசமும் மண்ணுக்கும் தண்ணிக்கும் போகாமல் பார்ப்பதற்கு. உங்கள் டி ட்ரைவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எங்களிடம் காட்டிய பிரதி வேறொரு நிறுவனத்தினுடையது என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பிறைட்டன் பகுதி மருத்துவமனைகளின் டிஸ்க்குகளை அழிக்கவென்று ஆள் பிடித்தார்கள். அவற்றில் இருநூற்றுக்கும் மேற்பட்டவை நோயாளர் விபரங்களோடு இணைய ஏலத்தில் விலைப்பட்டன. 2012இல் அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு 325,000 பவுண் தண்டம். அமெரிக்காவில் மோர்கன் ஸ்ரான்லி, இவ்வளவு பெரிய நிதி நிறுவனம், டேற்றா அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் கொம்பனி ஒன்றிடம் வேலையைக் கொடுத்தது. டிஸ்க்குகள் ஏலத்துக்குப் போய், வாங்கிய ஒருவரே மின்னஞ்சல் எழுதி "உங்கள் டேற்றா என்னிடம் இருக்கிறது" என்று சொல்லும் நிலை வந்தது. 2022இல் பங்குச் சந்தை ஆணைக்குழுவுக்கு 35 மில்லியன் டொலர் கட்டினார்கள். இரண்டு இடத்திலும் தண்டம் விழுந்தது டேற்றாவை வைத்திருந்த நிறுவனத்தின் மீது. இங்கேயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேலையை இன்னொருவரிடம் கொடுத்தோம் என்று சொல்லிப் பொறுப்பைக் கழுவ அது இடம் தராது.

சரி, என்ன செய்யலாம்? கணக்கெடுப்புச் சபையின் சிபாரிசிலேயே "சேமிப்புச் சாதனங்கள் கழற்றப்பட்டுத் தனியாக அழிக்கப்படும்" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் கணக்காய்வு என்ற பேச்சு எழாது, இப்போது நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். கழற்றும்போதே தொடர் இலக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். சுழலும் தட்டு உள்ள பழைய டிஸ்க் என்றால், முழுவதையும் ஒருமுறை மேலெழுதினாலே போதும், ஏழுமுறை என்பதெல்லாம் அந்தக்காலக் கதை. இயங்காத டிஸ்க்கை மேலெழுத முடியாது, திறந்து தட்டை உடைக்க வேண்டியதுதான். மடிக்கணினி டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடி, சிதறும், கண்ணுக்குக் காப்பு இல்லாமல் சுத்தியல் எடுக்காதீர்கள்.

எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்க் என்றால் கதை வேறு. மேலெழுதினாலும் அது தனக்கென்று ஒதுக்கி வைத்த இடங்களுக்கு எழுத்து போய்ச் சேராது. காந்தம் வைத்து அழிக்கும் மெசினுக்கு அது அசையவே அசையாது. தயாரிப்பாளரின் அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது உள்ளே இருக்கிற ஒவ்வொரு சிப்பையும் நொறுக்க வேண்டும். நடுவில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் போனால் தப்பிய சிப்பில் டேற்றா அப்படியே இருக்கலாம். புதுக் கணினி வாங்கிய அன்றே என்கிரிப்ஷன் (திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி டேற்றாவைப் பூட்டுவது) போட்டுவிட்டால் கழிக்கிற நாளில் பாதித் தலையிடி குறையும்.

கணினியோடு நின்றுவிடாதீர்கள். பெரிய போட்டோக்கொப்பி மெசின்கள் பலவற்றுக்குள் டிஸ்க் இருக்கிறது, கொப்பி எடுத்த அடையாள அட்டைகளின் படங்கள் அதில் தங்கிவிடலாம். கைரேகை மெசினுக்குள் உத்தியோகத்தர் எல்லோருடைய விரலும் பதிவாகி இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா?

வெளியாரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், டேற்றா அழிப்பதற்கென்று வெளியிட்ட 800-88 வழிகாட்டியில், 2014 திருத்தத்தில், மாதிரிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. தயாரிப்பாளர், மாதிரி, தொடர் இலக்கம், அழித்த முறை, பயன்படுத்திய கருவி, சரிபார்த்தவர், திகதி என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அதை ஒப்பந்தத்தோடு இணைத்துவிட்டு, "இப்படித் தருவீர்களா?" என்று கேளுங்கள். உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க அழிக்கச் சம்மதமா என்றும் கேளுங்கள். கிலோவுக்குக் காசு தருகிறவர் அந்த இடத்திலேயே கிளம்பிவிடுவார்.

கடைசியாக யாழ்ப்பாணத்தில் பாவித்த டிஸ்க் வாங்கி விற்கிற கடைக்காரத் தம்பிமாருக்கு. எங்களுடையவற்றில் திரும்பக் கிடைத்தது அந்தக் கடையில் இருந்த சில மட்டும்தான், மிச்சம் எங்கே போனது என்று தெரியாது. உங்களிடம் வந்த டிஸ்க்கில் அரச அலுவலகப் பெயரில் ஃபோல்டர் கண்டால் திறந்து பார்க்க வேண்டாம், ஃபோர்மட் அடித்து விற்கவும் வேண்டாம். அந்த அலுவலகத்துக்கு நேரே ஒரு தகவல் சொல்லுங்கள், வாங்கிய இடத்தின் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். யார் விற்றது என்பதை நிரூபிக்க அந்தச் சீட்டுத்தான் இப்போது தேவைப்படுகிறது.