லண்டன், மாட்ரிட், அங்காரா: ஒரே கோரிக்கை, மூன்று பதில்கள்

2003 மார்ச் 1, சனிக்கிழமை. அங்காராவில் துருக்கி நாடாளுமன்றம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியிருந்தது. வெளியே நகரத்தில் பல்லாயிரம் பேர் போர் வேண்டாம் என்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். அமெரிக்கப் படையினர் 62,000 பேரைத் துருக்கி மண்ணில் இறங்கவிட்டு, அங்கிருந்து வடக்கு இராக்குக்குள் போக வழிவிடலாமா என்பதுதான் வாக்கெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250. ஜெயித்துவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது. அப்புறம்தான் கணக்கு இடித்தது. 19 பேர் இரண்டு பக்கமும் சேரவில்லை. அவையில் இருந்தவர்கள் மொத்தம் 533. அதில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்பது அவர்கள் அரசியல் சட்டம். அதாவது 267. மூன்று வாக்கு குறைந்ததால் தீர்மானம் விழுந்தது.

நட்பு நாடு ஒன்று போருக்குக் கூப்பிடுகிறது, சொந்த மக்கள் போகாதே என்கிறார்கள். தலைவர் யார் பேச்சைக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது. அமெரிக்கா இராக் மீது போர் தொடுத்த 2003ஐ எடுத்துக்கொண்டால் பேசலாம். பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி மூன்றும் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள், மூன்றும் அமெரிக்காவுக்கு வேண்டியவை. மூன்றிலும் மக்கள் தயங்கினார்கள் அல்லது வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆனால் மூன்றும் வேறு வேறு வழியில் போயின.

முதலில் பிரிட்டன். பிப்ரவரி 15 அன்று லண்டனில் நடந்த ஊர்வலத்தில் 7,50,000 பேர் என்றது போலீஸ், பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் அந்த நகரம் கண்ட மிகப்பெரிய ஊர்வலங்களில் ஒன்று. ஆனால் பிரிட்டிஷ் மக்கள் போரே கூடாது என்று ஒரே குரலில் சொல்லவில்லை. ஐ.நா. ஒப்புதலோடு போனால் சரி என்றவர்கள் பெரும்பான்மை. ஒப்புதல் இல்லாமல் போகலாமா என்றால், சரி என்றவர்கள் நான்கில் ஒருவர் அளவே. மக்களுக்கு வெளிநாட்டு விவகாரம் புரியாது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்தச் சூழ்நிலையில் போகலாம், எதில் கூடாது என்று அவர்கள் பிரித்துத்தான் சொன்னார்கள்.

பிரதமர் டோனி பிளேர் அந்த நிபந்தனையை நிறைவேற்றப் பார்த்தார், முடியவில்லை. ஐ.நா. பாதுகாப்பு சபையில் போருக்கு ஒப்புதல் தரும் இரண்டாவது தீர்மானம் வரவே இல்லை. மார்ச் 17 அன்று ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டார். முன்பு நான்கு ஆண்டு வெளியுறவு அமைச்சராக இருந்தவர் அவர். இராக் அதிபர் சதாம் கொடுங்கோலர் என்பதில் பிரிட்டிஷ் மக்களுக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அவரால் பிரிட்டனுக்கு உடனடி ஆபத்து என்பதை அவர்கள் நம்பவில்லை என்று அவையில் சொன்னார். அவர் பேசி முடித்ததும் உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டும் வழக்கமே இல்லாத சபை அது. மறுநாள் வாக்கெடுப்பில் அரசு 412க்கு 149 என்று ஜெயித்தது. அதற்கு முன், போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு பிளேரின் சொந்தக் கட்சியில் 139 பேர் வாக்களித்திருந்தார்கள்.

போர் தொடங்கியதும் கருத்துக்கணிப்பு மாறியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பான்மை ஆதரவு பக்கம் வந்தது. தன் வீட்டுப் பிள்ளைகள் களத்தில் நிற்கும்போது யாரும் எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் இராக்கில் கிடைக்கவில்லை என்று தெளிவானபோது அந்த ஆதரவு கரைந்துபோனது. பிரிட்டன் இராக்கில் 179 வீரர்களை இழந்தது.

ஸ்பெயினில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. அங்கே அரசின் ஆய்வு மையமே எடுத்த கணிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு. திரைப்பட விருது விழாவில் நடிகர்கள் ‘போர் வேண்டாம்’ என்ற ஒட்டுவில்லையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். ராத்திரியில் ஜனங்கள் பால்கனியில் நின்று சட்டியையும் கரண்டியையும் தட்டினார்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் பிரதமர் ஹோசே மரியா அஸ்நார் அசையவில்லை. ஆளுங்கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை இருந்தது, நாடாளுமன்றத்தில் அதன் வரிசை கலையவில்லை. மார்ச் 16 அன்று அசோர்ஸ் தீவில் அமெரிக்க அதிபர் புஷ், பிளேர் பக்கத்தில் அஸ்நாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார். போர் தொடங்கும்போது ஸ்பெயின் சண்டைக்குப் படை அனுப்பவில்லை, பின்னால்தான் சுமார் 1,300 பேரை அனுப்பியது.

2004 மார்ச் 11 காலை மாட்ரிட் புறநகர் ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றே நாளில் தேர்தல். பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான ஈ.டி.ஏ.தான் காரணம் என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. சான்றுகளோ இஸ்லாமியத் தீவிரவாதிகளைக் காட்டிக்கொண்டிருந்தன. பயந்துபோய் ஸ்பெயின் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அது அநியாயமான தீர்ப்பாகப் படுகிறது. ஓராண்டாகத் தங்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாத அரசு, துக்க வீட்டிலும் உண்மையைச் சொல்லவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். ஆளுங்கட்சி 183 இடத்திலிருந்து 148க்கு இறங்கியது. புதிய பிரதமர் சபதேரோ பதவியேற்ற மறுநாளே, ஏப்ரல் 18 அன்று, படையைத் திரும்ப அழைத்தார். அமெரிக்காவின் பார்வையில் இதை எண்ணிப் பாருங்கள். முதலிலேயே வராத நண்பனைவிட, வந்துவிட்டு நடுவில் எழுந்து போகிற நண்பனால் சங்கடம் அதிகம். மக்கள் ஆதரவு இல்லாமல் அனுப்பிய படை ஓராண்டுகூட அங்கே நிற்கவில்லை.

இப்போது மறுபடி அங்காரா. துருக்கி மறுத்ததை மக்களாட்சியின் வெற்றி என்று முழுசாகக் கொண்டாடவும் முடியாது. பிரதமர் அப்துல்லா குல் தீர்மானத்தை முன்வைத்தார், கட்சித் தலைவர் எர்தோகன் ஆதரித்தார். நேரடி உதவியாக 600 கோடி டாலரும், அதை வைத்துப் பல மடங்கு கடன் வசதியும் பேச்சில் இருந்தன. 2001இல் பொருளாதாரம் நொறுங்கிப்போன நாட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. தலைவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள், உறுப்பினர்கள்தான் மறுத்தார்கள். எதிர்க்கட்சிக்கு 180 இடம்கூட இல்லை. ஆகவே அந்த 250 வாக்குகளில் கணிசமானவை ஆளுங்கட்சியிலிருந்தே வந்தவை. தேர்தல் முடிந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. தொகுதிக்குப் போனால் என்ன கேட்பார்கள் என்பது அவர்களுக்கு மறந்திருக்காது.

விலையும் கொடுத்தார்கள். பேசிய உதவித்தொகை போனது, திங்கட்கிழமை பங்குச்சந்தை விழுந்தது. துருக்கி வழியாக இராக்குக்குள் போக வேண்டிய அமெரிக்க நான்காவது காலாட்படைப் பிரிவின் தளவாடக் கப்பல்கள் மத்தியதரைக் கடலில் காத்துக் கிடந்துவிட்டு, சூயஸ் கால்வாய் வழியாகக் குவைத்துக்குப் போயின. ஜூலை 4 அன்று வடக்கு இராக்கின் சுலைமானியாவில் துருக்கி வீரர்களை அமெரிக்கப் படையினர் பிடித்து, தலையில் சாக்கைக் கவிழ்த்துக் கொண்டுபோனார்கள். அந்த அவமானம் துருக்கியில் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் உறவு முறிந்ததா? 2004 ஜூனில் நேட்டோ மாநாடு நடந்தது இஸ்தான்புல்லில்தான். புஷ் நேரில் வந்தார், துருக்கியை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்க்க வேண்டும் என்றும் பேசினார்.

ஜெர்மனி தனிக்கதை. அதன் ஆட்சித் தலைவர் ஷ்ரோடர் 2002 தேர்தலில் போர் வேண்டாம் என்று சொல்லியே நூலிழையில் ஜெயித்தார். ஆனால் ஜெர்மன் மண்ணில் உள்ள அமெரிக்கத் தளங்கள் போருக்குப் பயன்பட்டதை அவர் தடுக்கவில்லை. நம் நாட்டையும் அமெரிக்கா கேட்டது. இராக்கில் அமைதி காக்க ஒரு டிவிஷன் அளவுக்குப் படை அனுப்பும்படி வந்த கோரிக்கையை, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லை என்ற காரணத்தைச் சொல்லி 2003 ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்தது. இந்திய அமெரிக்க உறவு அதற்குப் பிறகு நெருங்கியதே தவிர விலகவில்லை. இரண்டே ஆண்டில் அணுசக்தி ஒப்பந்தத்துக்கு அடி போட்டார்கள்.

தலைவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. உளவுத் தகவல் அவர்கள் கையில்தான் இருக்கும், நாளைய ஆபத்து அவர்களுக்குத்தான் முதலில் தெரியும், கூட்டம் கூடுகிற பக்கமெல்லாம் சாய்ந்தால் ஆள முடியாது. இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இந்த வாதத்துக்கு உயிரே அந்தத் தகவல் சரியாக இருப்பதுதான். 2003இல் அது சரியாக இல்லை. வீதியில் நின்ற மக்களிடம் எந்த உளவு அறிக்கையும் இருக்கவில்லை, ஆயினும் இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்ற அவர்கள் பேச்சுதான் சரியாக வந்தது.

என்னை அதிகம் உறுத்துவது பிளேர் ஆதரவு கொடுத்த நேரம். 2002 ஜூலை 28 அன்றே புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பில், என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று சொல்லியிருந்தார். பிரிட்டன் இந்தப் போருக்குப் போனதை ஆராய்ந்த, சில்காட் தலைமையிலான விசாரணை இதை வெளியிட்டபோது 2016 ஆகிவிட்டது. படைகள் புறப்பட எட்டு மாதம் இருக்கும்போதே பதில் போய்விட்டது, மக்களிடம் வாதம் அதன் பிறகுதான் தொடங்கியது. அஸ்நாரிடம் குறைந்தபட்சம் ஒளிவுமறைவு இல்லை, எதிர்ப்பு தெரிந்தே போனார். துருக்கியில் எம்.பி.க்களின் வாக்குதான் முடிவையே தீர்மானித்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் துருக்கி வழிதான் மேல். அந்த முடிவு மூன்று வாக்கில் தப்பியது என்றாலும், கேள்வியை உண்மையிலேயே திறந்து வைத்து, பதில் எப்படி வந்தாலும் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு நாடுதான்.

பிரிட்டன் வராவிட்டால் நட்பு கெடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. மார்ச் 11 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட், பிரிட்டன் இல்லாமலும் போக வழி இருக்கிறது என்று செய்தியாளர்களிடமே சொன்னார். உங்கள் ஆட்சிக்கு ஆபத்து என்றால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று புஷ்ஷே பிளேரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வியட்நாம் போருக்கு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் படை அனுப்ப மறுத்தபோதும் அந்த உறவு தாங்கியது. நேர்மையான கருத்து வேறுபாட்டைத் தாங்கும் வலு இந்த உறவுக்கு உண்டு, நிபந்தனையில்லாத ஆதரவு தேவையில்லை என்றுதான் சில்காட்டும் சொன்னார்.

பத்தாண்டு கழித்து அதே பிரிட்டிஷ் சபையில் இது சோதிக்கப்பட்டது. 2013 ஆகஸ்ட் 29 இரவு, சிரியா மீதான தாக்குதலுக்கு வழிசெய்யும் தீர்மானம் 285க்கு 272 என்று தோற்றது. பிரதமர் கேமரன் எழுந்து, பிரிட்டிஷ் மக்களின் கருத்தைப் பிரதிபலிக்கும் நாடாளுமன்றம் ராணுவ நடவடிக்கையை விரும்பவில்லை, எனக்குப் புரிகிறது, அதன்படியே அரசு நடக்கும் என்றார். இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் ஒபாமா, தாக்குதலுக்கு முன் தானும் தன் நாட்டு காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்கப்போவதாக அறிவித்தார்.