வீட்டுக் கேமராவுக்கு எந்த வழி: பவர்லைனா, வைஃபையா, பி.ஓ.இ கேபிளா?

பின்வாசலுக்கு ஒரு கேமரா வைக்கலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் கேமராவைப் பற்றித்தான் அலசுகிறோம். எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எவ்வளவு தெரியும், ஆள் நடமாட்டம் இருந்தால் போனுக்குத் தகவல் வருமா என்றெல்லாம் பார்ப்போம். அந்தப் படம் பின்வாசலிலிருந்து முன்னறை ரெக்கார்டர்வரை எதன் வழியாக வந்து சேரும் என்ற கேள்வி, கேமரா கைக்கு வந்தபிறகுதான் எழுகிறது. என் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ரூட்டருக்கும் பின்வாசலுக்கும் நடுவே மூன்று சுவர். வைஃபை தட்டுத் தடுமாறியது. சுவரைத் துளைக்க யாருக்கும் மனமில்லை. அதனால் மின்கம்பி வழியாகவே டேட்டாவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினேன். பிறகு முன்பக்கக் கேமராக்களுக்கு, டேட்டாவையும் மின்சாரத்தையும் சேர்த்தே கொண்டுபோகும் பி.ஓ.இ கேபிளே தனியாக இழுத்தேன். மூன்றோடும் பழகியபின் என் கருத்து இது: பவர்லைன் நல்ல துணை; ஆனால் பாதுகாப்பு ஏற்பாட்டின் முதுகெலும்பாக அதை வைக்கக் கூடாது.

கேமராவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1080பி கேமரா எச்.264 முறையில் சுருக்கி அனுப்பினால் நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். 4கே கேமரா எச்.265 முறையில் ஏறத்தாழ 8 மெகாபிட் கேட்கும். நான்கு கேமரா வைத்தாலும் இன்றைய எந்த இணைப்பும் காகிதக் கணக்கில் தாங்கிவிடும்.

சிக்கல் வேகத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. நாம் ஒரு படம் பார்க்கும்போது ஆப் அடுத்து வரும் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு சில நொடி தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. இனிமேல் நடக்கப்போவதை அதனால் முன்கூட்டி அனுப்ப முடியாதே! இணைப்பு பத்து நொடி அறுந்தால் அந்தப் பத்து நொடி ரெக்கார்டருக்குப் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. அதோடு, வீடியோவில் முழுப் படம் ஒன்று வரும், அதற்குப் பிறகு வருபவை எல்லாம் மாற்றங்கள் மட்டுமே. நடுவில் சில துணுக்குகள் தொலைந்தால் அடுத்த முழுப் படம் வரும்வரை திரை கலங்கிப்போய் இருக்கும். அந்த நேரத்தில் வந்தவர் முகம் அடையாளம் தெரியாது. ஆகவே மூன்று வழிகளையும் "எவ்வளவு வேகம்" என்று பார்க்காமல், "எப்போது அறுபடும்" என்று பார்ப்பதுதான் சரி.

பவர்லைன்: நன்மையும் சங்கடமும்

மின்கம்பியில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் மின்சாரம் ஓடுகிறது. அதே கம்பியின் மேல் மெகாஹெர்ட்ஸ் அளவிலான சிக்னலை ஏற்றி, மறுமுனையில் பிரித்தெடுப்பதுதான் பவர்லைன். 2005இல் வந்த ஹோம்பிளக் ஏவி என்ற தரம், 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ்வரை பயன்படுத்தியது. 2012இல் வந்த ஏவி2 அதை 86 மெகாஹெர்ட்ஸ்வரை நீட்டியது. லைன், நியூட்ரல் இரண்டோடு எர்த் கம்பியையும் சேர்த்துப் பயன்படுத்தும் வசதியும் அதில் உண்டு. எர்த் சரியாக இல்லாத பாயின்ட்டில் அந்தப் பலன் கிடைக்காது. ஜி.எச்என் என்று வேறொரு தரமும் விற்பனையில் இருக்கிறது. ஹோம்பிளக்கும் ஜி.எச்என்னும் ஒன்றோடொன்று பேசாது. ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு இன்னொரு அறைக்கு வேறு வகையை வாங்கி ஏமாறாதீர்கள்.

பெட்டியில் 600, 1200 என்று அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். அது போகும் வழி, வரும் வழி இரண்டையும் சேர்த்துச் சொல்லும் கச்சா வேகம். வீட்டில் உள்ள எல்லா அடாப்டர்களும் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 500, 600 என்று போட்ட பல அடாப்டர்களின் ஈதர்நெட் போர்ட்டே 100 மெகாபிட்தான். கையில் கிடைப்பது அச்சிட்டதில் பாதிக்கும் கீழேதான் இருக்கும். பழைய வயரிங் என்றால் அதிலும் ஒரு பங்குதான். ஆனாலும் இரண்டு மூன்று கேமராக்களுக்கு அது தாராளம்.

தொல்லை கொடுப்பது இரைச்சல். மலிவான போன் சார்ஜர், எல்இடி விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர், மோட்டார், டிம்மர் எல்லாம் அதே கம்பியில் குப்பையைக் கொட்டுகின்றன. அடாப்டர்கள் கெட்டிக்காரத்தனமானவை, எந்த அலைவரிசை சுத்தமாக இருக்கிறது என்று ஓயாமல் அளந்து தங்களை மாற்றிக்கொள்ளும். ஆனால் அந்த மாற்றத்துக்குச் சற்று நேரம் பிடிக்கும், அதற்குள் படம் உடையும். எங்கள் பின்வாசல் கேமரா பகலெல்லாம் பளிச்சென்று ஓடிவிட்டு, மாலையானால் மட்டும் அடிக்கடி உறைந்து நின்றது. கேமராவை மாற்றினேன், ஈதர்நெட் கேபிளை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் பார்த்தால், அதே சர்க்யூட்டில் இருந்த ஒரு வெளிவிளக்கு இருட்டியதும் தானாக எரியத் தொடங்குகிறது. குற்றவாளி அதன் டிரைவர். கேமரா எந்த நேரத்தில் மிகவும் தேவையோ, சரியாக அந்த நேரத்தில் அது கண்ணை மூடியிருக்கிறது. அந்த விளக்கை மாற்றிய அன்றோடு தொல்லை நின்றது. அன்றிலிருந்து பவர்லைனைப் பகலில் சோதித்துவிட்டு "நன்றாக இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

வயரிங்கின் அமைப்பும் முக்கியம். மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இரண்டு அடாப்டர்களும் வெவ்வேறு ஃபேஸில் மாட்டிக்கொண்டால் சிக்னல் மெலிந்துவிடும், சில சமயம் போகவே போகாது. சில வகைப் பாதுகாப்பு பிரேக்கர்களும் சிக்னலைத் தின்னும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், குறிப்பாகச் சர்ஜ் புரொடெக்டரில், அடாப்டரைச் சொருகவே கூடாது; அவற்றில் பலவற்றில் உள்ள வடிகட்டி உயர் அலைவரிசையைத் தடுத்துவிடும். சுவர் பாயின்ட்டில் நேராகச் சொருக வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் பவர்லைனின் பெரிய பலவீனத்துக்கு வித்து. யுபிஎஸ்ஸும் சிக்னலை வடிகட்டிவிடும் என்பதால் அடாப்டரை யுபிஎஸ்ஸில் வைக்க முடியாது. மின்சாரம் போனால் அடாப்டர் செத்துவிடும், அதோடு பாதையும். ஒருவர் வெளியே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் போதும், ரெக்கார்டர் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தாலும் அதற்குப் பின்வாசல் தெரியாது. வீடு முழுவதற்கும் இன்வெர்ட்டர் இருந்தால் கதை வேறு. அப்போதும் இன்வெர்ட்டரில் ஓடும்போது இணைப்பு தாங்குகிறதா என்று தனியாகச் சோதித்தாக வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஹோம்பிளக் ஏவி 128 பிட் ஏஇஎஸ் முறையில் டேட்டாவைப் பூட்டுகிறது. ஆனால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொடக்கச் சாவி. அதை மாற்றாமல் விட்டால், தோட்டத்திலோ கார் நிறுத்தத்திலோ உள்ள பாயின்ட்டில் யாராவது தன் அடாப்டரைச் சொருகினால் அது நேராக உங்கள் நெட்வொர்க்குக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சிக்னல் பக்கத்து வீடுவரை கசிவதும் உண்டு. இரண்டு அடாப்டர்களிலும் உள்ள, ஜோடி சேர்க்கும் 'Pair' பட்டனை 2 நிமிடத்துக்குள் அழுத்தினால் புதுச் சாவி உருவாகிவிடும். அரை நிமிட வேலை, தவிர்க்காதீர்கள்.

வைஃபை

அமைப்பதற்கு இதைவிட எளிது எதுவுமில்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்குப் பல நேரம் இதுதான் ஒரே வழி. ஆனால் பெரும்பாலான வைஃபை கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. அங்கே ஒன்றின்மேல் ஒன்று படாமல் இருப்பவை 1, 6, 11 என்று மூன்றே சேனல். பக்கத்து வீட்டு ரூட்டர்களும் அவற்றைத்தான் பிடித்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீட்டில் மற்ற கருவிகள் பெரும்பாலும் இறக்குகின்றன, கேமரா மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. ரூட்டரின் சிக்னல் கேமராவுக்கு நன்றாகக் கேட்டாலும், கேமராவின் சின்ன ஆன்டெனா பேசுவது ரூட்டருக்குக் கேட்க வேண்டுமே.

என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. பழைய பாதுகாப்பு முறையில் உள்ள வைஃபையில், வெளியே நிற்பவர் போலிச் செய்தி அனுப்பிக் கேமராவை ரூட்டரிலிருந்து கழற்றிவிட முடியும். பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை. புதிய வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 இதற்குத் தடுப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே ரூட்டர், கேமரா இரண்டும் டபிள்யூபிஏ3 தெரிந்தவையாக இருந்தால் நல்லது. ஜாமர் வைத்து அலைவரிசையையே அடைத்தால் அதற்கும் வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில் பவர்லைன் வைஃபையைவிட மேல்: கம்பி சுவருக்குள் இருக்கிறது.

பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்கள் தனி ரகம். சக்தியை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருந்து, அசைவு தெரிந்தபின்தான் விழிக்கும். நிகழ்வின் முதல் நொடிகள் போய்விடலாம். வாசலில் யார் வந்தார் என்று பார்க்கப் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பி.ஓ.இ கேபிள்

ஒரே ஈதர்நெட் கேபிளில் டேட்டாவும் மின்சாரமும். 2003இல் வந்த 802.3ஏஎஃப் தரத்தில், கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் கொடுக்கும். கம்பியில் இழப்பு போக 12.95 வாட் கேமராவுக்குக் கிடைக்கும். சாதாரணக் கேமராவுக்கு அது போதும். கேமராவையே சுழற்றும் மோட்டார் வகைகளுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி தேவைப்படலாம். 100 மீட்டர்வரை இழுக்கலாம். கேமரா இருக்கும் இடத்தில் மின் பாயின்ட் தேவையில்லை. எல்லாவற்றையும்விட மேலாக, சுவிட்சையும் ரெக்கார்டரையும் ஒரே யுபிஎஸ்ஸில் வைத்துவிட்டால் மின்சாரம் போனாலும் எல்லாக் கேமராக்களும் கண் திறந்தே இருக்கும். மற்ற இரண்டு வழிகளில் இதைச் சாதிக்கப் பெரும்பாடு படவேண்டும்.

சுவரைத் துளைக்க வேண்டும், கேபிள் இழுக்க ஆள் வேண்டும் என்பதுதான் குறை. கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் தாமிரம் பூசிய கேபிள் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, சூடாகும். வெளியே தொங்கும் கேமராவின் இணைப்பைக் கழற்றி ஒருவர் தன் லேப்டாப்பைச் சொருக முடியும் என்பதால், கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வையுங்கள்.

அப்படியானால் எதை எங்கே?

வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் அல்லது வயரிங்கைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கேபிள்தான். பழைய டிவி கோஆக்ஸ் கம்பி அறைகளுக்குப் போயிருந்தால், பவர்லைனுக்கு முன், அந்தக் கம்பி வழியாக டேட்டா அனுப்பும் மோகா அடாப்டரை முயன்று பாருங்கள். தனிக் கம்பி என்பதால் சார்ஜர் இரைச்சல் அதைப் பெரிதாகத் தொடாது. கேபிள் போகவே முடியாத, வைஃபை எட்டாத ஒன்றிரண்டு இடங்களுக்குப் பவர்லைன் சரியான விடை. நான்கு கேமராவையும் பவர்லைனில் ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மோட்டார் ஓடினால் நான்கும் சேர்ந்து தடுமாறும்.

நான் கடைசியில் கண்டடைந்தது ஒரு கலவை. முன்பக்கம் முழுவதும் பி.ஓ.இ. பின்வாசலுக்கு மட்டும் உள்ளறைப் பாயின்ட்வரை பவர்லைன், அங்கே ஈதர்நெட் கேபிளில் மின்சாரத்தை ஏற்றும் ஒரு பி.ஓ.இ இன்ஜெக்டர், அதிலிருந்து சிறு கேபிள் ஜன்னல் சட்டம் வழியாகக் கேமராவுக்கு. வெளியே மின் பாயின்ட்டும் வேண்டாம், வெயில் மழையில் அடாப்டரும் வேண்டாம். அந்தக் கேமராவில் மெமரி கார்டு கட்டாயம். அதோடு இன்ஜெக்டரை ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் வைத்திருக்கிறேன். அடாப்டரைத்தான் அதில் வைக்கக் கூடாது, இன்ஜெக்டரை வைக்கலாம். மின்சாரம் போனால் பாதை அறும், ஆனால் கேமரா தன் கார்டில் பதிந்துகொண்டே இருக்கும். கம்பி வழியிலோ கார்டிலோ, எப்படியும் ஒரு பிரதி மிஞ்சுகிறது.

பவர்லைனில் அமைக்கும்போது

கேமராவை மாட்டுவதற்கு முன் அந்த இடத்தில் ஒரு லேப்டாப்பை அடாப்டரோடு இணைத்து, ரூட்டர் பக்கம் இன்னொரு கணினியை வைத்து, வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 நிரலை ஓட்டுங்கள். கேமராப் பக்கத்திலிருந்து ரூட்டர் பக்கம் போகும் வேகம்தான் முக்கியம். மாலையில், எல்லா விளக்கும் சார்ஜரும் மோட்டாரும் ஓடும்போது ஒரு முறை, முடிந்தால் ஒரு நாள் முழுக்க, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் நிரலை ஓடவிட்டு எத்தனை துணுக்குகள் தொலைகின்றன என்றும் பாருங்கள். மொத்தக் கேமராத் தேவையைப் போல மூன்று மடங்காவது கைவசம் இருந்தால்தான் நான் துணிவேன். அடாப்டருக்குப் பக்கத்துப் பாயின்ட்டில் சார்ஜர் எதுவும் வேண்டாம்.

கேமரா செட்டிங்கில் பிட்ரேட்டுக்கு, அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவுக்கு, உச்சவரம்பு வையுங்கள். இரவில் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும். வரம்பில்லாவிட்டால் டேட்டாவும் அதோடு ஏறும். முழுப் படம் நொடிக்கு ஒன்றாவது வரும்படி வையுங்கள், கலங்கல் சீக்கிரம் தெளியும். கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு வீடியோ வரும் ஆர்டிஎஸ்பி இணைப்பை, செட்டிங்கில் யுடிபி முறையிலிருந்து டிசிபி முறைக்கு மாற்றினால் தொலைந்த துணுக்குகள் மறுபடி அனுப்பப்படும். ரெக்கார்டரும் கேமராவும் வேறு வேறு நிறுவனம் என்றால் இரண்டிலும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் பொதுத் தரமான ஆன்விஃப் இருக்கிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். ஹார்டு டிஸ்க் கணக்கு எளிது: நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 2 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும்.

பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், தொடக்கப் பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, இணையதளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டைன் (Dyn) நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரூட்டரில் போர்ட் திறக்காமல், விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக உள்ளே வாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு மாலை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு ஏற்றிவிட்டு, எந்தக் கேமரா இருண்டது, எந்தக் கார்டில் பதிவு தொடர்ந்தது, அடாப்டர்கள் தாமாக மீண்டும் இணைய எவ்வளவு நேரம் எடுத்தன என்று பதிவில் பார்த்து எழுதி வையுங்கள். ஒருமுறை சோதித்தபோது என் அடாப்டர் ஒன்று தானாக எழுந்திருக்கவே இல்லை. அதை மாற்றியபிறகுதான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனோம்.