அரசு மாடித்தோட்டத் தளை: பிளாட்டுக்குப் பொதுத்தோட்டம் போட இது போதுமா?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளையை, அதாவது பை, விதை எல்லாம் அடங்கிய பெட்டியை வாங்கி, எட்டு வீடுகள் இருக்கும் ஒரு பிளாட்டின் மொட்டைமாடியில் எல்லாருக்கும் பொதுவாகத் தோட்டம் போடலாமா? தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பெட்டி ஒரு வீட்டுக்குக் கணக்குப் பண்ணிக் கட்டியது. எட்டு வீட்டுக்கு ஆக வேண்டும் என்றால் சிலதைச் சேர்க்கணும், சிலதை மாற்றணும்.

2013-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் இது. தளையில் ஆறு வளர்ப்புப் பைகள், தலா 2 கிலோ எடையுள்ள ஆறு தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், செடிக்கு உதவும் நுண்ணுயிர்களான அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி மூன்றும் தலா 200 கிராம், 100 மில்லி வேப்ப எண்ணெய் மருந்து, ஒரு கையேடு. மதிப்பு 900 ரூபாய்; பாதி மானியம் போக 450 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு 225 ரூபாய்க்கும் கிடைத்தது, அதனால் வாங்கும்போது அன்றைய விலையைத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆதார் கேட்டார்கள், ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தளை கொடுத்தார்கள். எட்டு வீட்டுக்கு முதல் வருஷம் இரண்டு தளை, அதாவது பன்னிரண்டு பை, சரியான அளவு. எடுத்ததுமே நாற்பது பை வைத்தால் மூன்றாம் மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது.

தளையின் பெரிய குறை, அதில் உரமே இல்லை. தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். செடிக்குச் சாப்பாடு அதில் கிடையாது. கட்டியை ஊறவைத்து அப்படியே விதை போட்டால் இருபது நாள் வரை பச்சையாக வரும், அப்புறம் அடி இலையிலிருந்து மஞ்சள் ஏறும். பைக்கு 2 கிலோ மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கட்டாயம் வேண்டும். பன்னிரண்டு பைக்கு 24 கிலோ. இதைத் தனியாக வாங்கித்தான் ஆகணும்.

கட்டியை ஊறவைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அகலமான டப்பில் கட்டியைப் போட்டு 10 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்தில் உப்பி உதிர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் கெட்டியான டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும். அதில் நாரின் உப்பும் துவர்ப்பும் இறங்கியிருக்கிறது. பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றி, நிறம் வெளிறும் வரை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். இதை விட்டுவிட்டு, கடற்கரைப் பக்கத்து உப்பு போர் தண்ணீரையும் ஊற்றினால் இலை ஓரம் தீய்ந்து போகும். அது நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் அதிகம்.

மூன்று நுண்ணுயிர் பாக்கெட்டுகளிலும் இருப்பவை உயிருள்ளவை. காலாவதி தேதியைப் பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள். பைக்குத் தலா 10 கிராம் போதும். ஒரு தளையின் பாக்கெட்டுகளே பன்னிரண்டு பைக்குத் தாராளம். மொத்த உரத்தோடும் அதைக் கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் வைத்துப் பிறகு பையில் நிரப்பினால் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது தளையின் பாக்கெட்டுகளைப் பக்கத்து பிளாட்டுக்குக் கொடுத்துவிடலாம். பல தெருக்களில் அடுத்த தோட்டம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

பல பிளாட்டுகளில் பொதுத்தோட்டம் நின்று போவது பூச்சியால் இல்லை, கசிவால்தான். மேல்தளத்து வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்த அன்றே எல்லாப் பையும் கீழே இறங்கிவிடும். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பையைத் தட்டோட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் வையுங்கள். அடியில் காற்று ஓடணும், விளக்குமாறு நுழையணும். பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம், அதன் அடியில் தண்ணீர் தேங்கி அதுவே கசிவுக்கு வழி ஆகும். நனைந்த பை ஒன்று 15 கிலோ வரை வரும். நடுவில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வையுங்கள், மழைநீர்க் குழாய் வாயை விட்டுத் தள்ளி. ஆரம்பிக்கும் முன்பே மேல்தளத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிடுவது நல்லது.

பொதுச்செடி காய்ந்து சாவதை விட அழுகிச் சாவதுதான் அதிகம். காலையில் மூன்றாவது மாடி அம்மா ஊற்றியிருப்பார், சாயங்காலம் துணி எடுக்க வந்தவர் மேலாகக் காய்ந்திருக்கிறதே என்று இன்னொரு குடம் ஊற்றுவார். தென்னைநார் மேலே காய்ந்து தெரியும். விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் சொதசொத என்றிருக்கும். மாடிக் கதவில் ஒரு சிலேட்டு மாட்டி, ஊற்றியவர் தேதியும் வேளையும் எழுதட்டும். வீட்டுக்கு இத்தனை பை என்று பிரிக்க வேண்டாம். பிரித்தால் ஊருக்குப் போனவர் பை வாடும், பக்கத்தில் இருப்பவர் தொட யோசிப்பார். கிழமை வாரியாக வேலையைப் பிரியுங்கள், செடி எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

விதைகளைப் பொறுத்தவரை, வெண்டை பைக்கு இரண்டு, நேரடியாக ஊன்றலாம். 45 நாளில் காய் வரும். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்று விட்டு, ஒரு மாதத்தில் பைக்கு ஒன்றாக நடுங்கள். முளைப்பு பரவாயில்லை. ஆனால் ஆறு பை வெண்டையில் ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னிரண்டு காய் பறித்தாலும் வீட்டுக்கு ஒன்றோ இரண்டோதான். பங்கு போடும் தோட்டத்துக்குக் காயை விடப் பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும் செடிதான் ஏற்றது. ஆறு பையில் காய், மீதி ஆறில் புதினா, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கற்பூரவல்லி என்று வையுங்கள். சளி பிடித்த குழந்தைக்கு நாலு கற்பூரவல்லி இலை பறிக்க ராத்திரி ஒன்பது மணிக்கு மாடி ஏறுபவர், அப்புறம் தன் கிழமைக்குத் தண்ணீர் ஊற்ற மறக்க மாட்டார். புதினா, பொன்னாங்கண்ணி, கற்பூரவல்லிக்கு விதை வேண்டாம்; ஒரு சாண் தண்டை ஒடித்து நட்டாலே வேர் விடும்.

கறிவேப்பிலைக்குத் தளைப் பை பத்தாது, 50 லிட்டர் டிரம் வேண்டும். அதில் ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இலையை உருவாமல் கிளை நுனியோடு வெட்டினால் பக்கத்தில் இரண்டு துளிர் கிளம்பும். முருங்கை மட்டும் மாடியில் வேண்டாம். காற்றுக்கு ஒடியும், கம்பளிப்பூச்சி வந்தால் பிளாட்டே சண்டைக்கு நிற்கும்.

யாராவது அன்பாக ஒரு தொட்டி கொண்டுவந்தால் பத்து நாள் தனியாக ஒரு மூலையில் வைத்து, இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேப்ப எண்ணெய் மருந்தை லேபிளில் சொன்ன அளவில், சில துளி சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாக வலை பின்னினால் அதற்கு மருந்து இல்லை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது. செடியைப் பிடுங்குவதுதான் வழி.

சென்னையில் ஆடியிலோ தையிலோ தொடங்குங்கள். ஐப்பசி மழையில் தொடங்கினால் நாற்று அழுகும். சித்திரை வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டணும், அதுவும் தளையில் கிடையாது. அறுவடை முடிந்த பையைக் கொட்டி, பழைய வேரை எடுத்துவிட்டு, இரண்டு நாள் காயவைத்து, பைக்கு ஒரு கிலோ புது உரம் சேர்த்தால் அதே நார் அடுத்த போகத்துக்கும் ஆகும்.