திக்னஸ் கேஜ் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

வீட்டிலேயே ஒரு மேசையும் ஒரு தையல் மெஷினும் போட்டு பர்ஸ், பெல்ட் செய்து பிழைப்பவன் நான். என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோலின் கனத்தை அளக்கும் இந்த கேஜுக்குப் போனது 4,800 ரூபாய். அதைக்கூட விட்டுவிடலாம். அதை நம்பி நான் பாழாக்கிய தோல் 52 சதுர அடி.

அதுவரை, இரண்டு தாடைக்கு நடுவே பிடித்து அளக்கும் வெர்னியர் காலிபரை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தோலுக்கு அது சரிவராது. தாடையின் விளிம்பு மெத்தென்ற தோலில் பதிந்துவிடும். விரல் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுக்கு அளவு குறையும். போன தை மாதம் சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு டூல்ஸ் கடைக்குப் போய் டயல் கேஜ் கேட்டேன். கடைக்காரர் ஜப்பான் பெயர் அச்சடித்த ஒன்றை எடுத்து வைத்தார். கட்டைவிரலால் லீவரை அழுத்தினால், தோலை மேலிருந்து அழுத்தும் 'கால்' என்ற பகுதி மேலே போகும். தோலை நடுவில் விட்டு விரலை எடுத்தால் முள் கனத்தைக் காட்டும். 0.01 மி.மீ. வரை கோடுகள். கருவி சரியாக அளக்கிறது என்று ஆய்வகம் சோதித்துத் தரும் காலிபரேஷன் சர்டிபிகேட் வேறு பெட்டிக்குள்.

நான் கேட்காமலே 1 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றை உள்ளே விட்டுக் காட்டினார். முள் சொல்லிவைத்தாற்போல 1.00-ல் நின்றது. "ஜப்பான் பீஸ் சார், கண்ண மூடிட்டு வாங்கலாம்." கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

அடுத்த வாரமே பெங்களூருவிலிருந்து 40 பர்ஸ் ஆர்டர். தோல் 1.0 மி.மீ., கூடக்குறைய 0.1 இருக்கலாம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். 1.5 கனத்தில் மில்லிங் செய்த (டிரம்மில் உருட்டி மெத்தென்று ஆக்கிய) மாட்டுத்தோலை வாங்கி, பெரியமேட்டில் வழக்கமாக ஸ்பிளிட்டிங் போடும், அதாவது மெஷினில் தோலைச் சீவிக் கனத்தைக் குறைக்கும் பாயிடம் கொண்டுபோனேன். முதல் தோல் மெஷினிலிருந்து வந்ததும் அவர் தன் கேஜில் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்னு வந்துருச்சு தம்பி" என்றார். என் கேஜை வைத்தேன். 1.18.

"இன்னும் எறக்கணும் பாய்."

"இதுக்கு மேல எறக்குனா காத்தாடி பேப்பரா போயிடும் தம்பி. கையில புடிச்சுப் பாருங்க."

அவருடைய கேஜில் பெயின்ட் உதிர்ந்து பித்தளை தெரியும். கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். நான் சொன்னதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது: "உங்க கேஜ் பழசாயிருச்சு பாய், மாத்துங்க." அவர் ஒன்றும் பேசவில்லை. சக்கரத்தைத் திருப்பி கத்தியின் இடைவெளியைக் குறைத்தார். 52 அடியும் என் கேஜில் 1.0 காட்டும் வரை இறங்கியது. தோலைச் சீவலாம், சீவியதை ஒட்டவைக்க முடியுமா?

பர்ஸ்கள் பெங்களூரு போன நாலாம் நாள் திரும்பி வந்தன. மடிப்பில் விறைப்பே இல்லை, அளந்தால் 0.84 என்று சீட்டு.

தோல் தொழில்நுட்பம் படித்த நண்பன் ஒருவனிடம் கேஜைக் காட்டினேன். அவன் தகட்டையே வைத்துப் பார்க்கவில்லை. கேஜைத் தலைகீழாகப் பிடித்தான். அவ்வளவுதான். கால் தன் எடைக்கே நழுவி இறங்கியது. முள் பூஜ்யத்தை விட்டு 0.4-க்குப் போய் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்பிரிங் பேருக்குத்தான் இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த கையடக்கக் கேஜ் என்றால் கவிழ்த்தாலும் கால் மூடியே இருக்க வேண்டும். (எடை வைத்து அழுத்தும் மேசைக் கேஜுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

கடையில் ஏன் சரியாகக் காட்டியது என்பது அப்போதுதான் புரிந்தது. எஃகு அமுங்காது, ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் 1.00 தான். தோல் பஞ்சு மாதிரி. எவ்வளவு அழுத்தத்தில் அளக்கிறோம் என்று சொல்லாமல் அதன் கனத்தைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அதனால்தான் ஐஎஸ்ஓ 2589 என்ற தர விதியில் 10 மி.மீ. விட்டமுள்ள தட்டையான கால், 393 கிராம் எடை, வைத்த 5 விநாடி கழித்து அளவு என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். என்னுடையதில் அழுத்தம் இல்லாததால் கால் தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. காலைத் தாங்கும் தண்டும் உள்ளே உரசியது. ஒரே புள்ளியில் ஐந்து தடவை விட்டுப் பார்த்தோம்: 1.04, 1.17, 1.12, 1.19, 1.08. கடையில் ஒரு துண்டு மெத்தென்ற தோலைக் கையோடு கொண்டுபோய் இதை மட்டும் செய்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சர்டிபிகேட்டை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். அதிலிருந்த சீரியல் எண் வேறு, டயலின் பின்பக்கம் பொறித்திருந்த எண் வேறு. எந்த ஆய்வகம் அளந்தது என்ற முகவரியும் கிடையாது. ஜெராக்ஸ் எடுத்துப் பெட்டிக்கு ஒன்று போடுகிறார்கள் போலிருக்கிறது.

கடைக்குத் திரும்பப் போனால், "யூஸ் பண்ண பொருளை எடுக்க மாட்டோம்" என்றார். பில்லை நீட்டினேன். அதில் "கேஜ் - 1" என்று மட்டும் இருந்தது. பிராண்டும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை. "இது எங்ககிட்ட வாங்குனதுன்னு எப்படி சார் சொல்றீங்க?" ஜிபே பணம் போனதைக் காட்டியதும் சுருதி மாறியது: "நீங்க வியாபாரத்துக்கு வாங்குனீங்க. கன்ஸ்யூமர் கோர்ட்டுல செல்லாது."

இதைக் கேட்டுத்தான் நம்மில் பலர் திரும்பி வந்துவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது, அவரும் நுகர்வோர்தான். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன்.

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு டீ சொன்னார். 0.84 தோல் இனி வெளிப்பக்கத்துக்கு ஆகாது, கார்டு பாக்கெட்டுக்கு வெட்டிக்கொள் என்றார். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புகார் போன பிறகு கடையிலிருந்து ஒருவர் பேசினார். 2,000 ரூபாய் தருகிறோம், கேஜையும் அந்த சர்டிபிகேட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள் என்றார். கேஜை ஒரு தடவைதான் கேட்டார்; சர்டிபிகேட்டை மூன்று தடவை. இரண்டும் என் பீரோவில்தான் இருக்கின்றன.